அந்தக் கெட்ட மரபணு ஏன் இன்னும் இருக்கிறது?

பத்தாம் வகுப்பில் மரபியல் பாடத்தை முடித்துவிட்டுப் பரிணாமப் பாடத்தைத் தொடங்கியிருந்த வாரம் அது. "சூழலுக்குப் பொருந்தாத பண்புகள் காலப்போக்கில் மறைந்துவிடும்" என்று கரும்பலகையில் எழுதியிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், போன வாரம் கதிர் அரிவாள் இரத்தசோகை பத்திச் சொன்னீங்க. உயிருக்கே ஆபத்தான நோய்னு சொன்னீங்க. அப்படின்னா அந்தக் கெட்ட மரபணு ஏன் சார் இன்னும் இருக்கு? எப்பவோ மறைஞ்சிருக்கணுமே?"

"நல்ல கேள்வி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லி உட்கார வைத்தேன். உண்மை என்னவென்றால், எனக்கு விடை தெரியவில்லை. அன்று மாலை தேடிப் படித்தபோது அவளுடைய கேள்விக்கு விடை கிடைத்தது. அதோடு, பரிணாமத்தை நான் பல ஆண்டுகளாக எவ்வளவு தவறான சொற்களில் நடத்தி வந்திருக்கிறேன் என்பதும் புரிந்தது. அந்த அனுபவத்தையும், அதன்பின் வகுப்பில் செய்துபார்த்த ஒரு செயல்பாட்டையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கே தவறுகிறோம்?

ஒட்டகச்சிவிங்கி உயரத்தில் உள்ள இலைகளைத் தின்னக் கழுத்தை நீட்டி நீட்டி, அதன் கழுத்து நீண்டது என்ற லாமார்க்கின் கருத்தை நடத்துகிறோம். அது ஏற்கப்படவில்லை என்றும் சொல்கிறோம். ஆனால் அடுத்த பக்கத்தில் டார்வினை நடத்தும்போது, "விலங்குகள் சூழலுக்கேற்பத் தம்மை மாற்றிக்கொண்டன" என்று சொல்லிவிடுகிறோம். பெயர் டார்வினுடையது, பேசும் மொழியோ லாமார்க்கினுடையது.

விடைத்தாள்களிலும் இதுவே எதிரொலிக்கிறது. "கொசுக்கள் மருந்துக்குப் பழகிவிட்டன" என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். எந்தக் கொசுவும் மருந்துக்குப் பழகுவதில்லை. மருந்து அடிப்பதற்கு முன்பே, இலட்சக்கணக்கான கொசுக்களில் ஒருசிலவற்றின் மரபணுவில் தற்செயலாக ஒரு வேறுபாடு இருந்தது. மருந்து அடித்ததும் மற்றவை மடிந்தன. அந்தச் சில பிழைத்து முட்டையிட்டன. அடுத்த தலைமுறையில் அந்த மரபணு பெருகியது. மாறியது தனிக் கொசு அன்று, கொசுக்கூட்டம்.

மரபணு வேறுபாட்டைத் தருகிறது. சூழல் அதைச் சலிக்கிறது. இந்த இரண்டு படிகளையும் பிரித்துக் காட்ட, அந்த மாணவி கேட்ட நோயைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

ஓர் எழுத்துப் பிழை

நமது இரத்தச் சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். இதில் இரண்டு ஆல்ஃபா சங்கிலிகளும் இரண்டு பீட்டா சங்கிலிகளும் உள்ளன. ஒவ்வொரு பீட்டா சங்கிலியிலும் 146 அமினோ அமிலங்கள். இதற்கான மரபணு 11ஆவது குரோமோசோமில் இருக்கிறது.

அந்த மரபணுவின் ஓரிடத்தில் அடினைனுக்குப் பதிலாகத் தைமின் வந்துவிட்டால், சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுடாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலைன் வந்து உட்காருகிறது. மாற்றம் அவ்வளவுதான். ஆனால் ஆக்சிஜன் குறையும்போது இந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. வட்டமாக, வளைந்துகொடுக்கும் தன்மையோடு இருக்க வேண்டிய சிவப்பணு விறைத்து அரிவாள் வடிவாகிறது. இயல்பான சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அரிவாள் அணு 10 முதல் 20 நாட்களில் அழிந்துவிடும். அதனால் இரத்தசோகை உண்டாகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களில் இந்த அணுக்கள் சிக்கிக்கொள்வதால் தாங்க முடியாத வலி ஏற்படுகிறது.

1910இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் இந்த அரிவாள் அணுக்களை முதன்முதலில் மருத்துவ இதழில் விவரித்தார். கோளாறு ஹீமோகுளோபினில்தான் இருக்கிறது என்பதை 1949இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் காட்டினர். ஒரே ஓர் அமினோ அமிலத்தின் மாற்றமே இதற்குக் காரணம் என்பதை அடுத்த சில ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிராம் கண்டறிந்தார்.

இடமே விடை சொன்னது

அதே 1949ஆம் ஆண்டு கென்யாவில் அந்தோணி ஆலிசன் என்ற இளம் ஆய்வாளர் பல்வேறு இன மக்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் வாழ்ந்த மக்களில் 20 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் அரிவாள் அணு மரபணு இருந்தது. உள்நாட்டு மேட்டு நிலங்களிலோ 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரே நாட்டில் ஏன் இந்த வேறுபாடு?

ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் மலேரியா மிகுதி. குளிர்ந்த மேட்டு நிலங்களில் அது அரிது. ஆலிசனுக்குப் பொறி தட்டியது அங்கேதான். பின்னர் மேற்கொண்ட ஆய்வுகளின் முடிவை 1954இல் வெளியிட்டார். அரிவாள் அணு மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது என்பதே அந்த முடிவு. தாலசீமியா என்ற மற்றோர் இரத்த நோய்க்கும் மலேரியாவுக்கும் இப்படியொரு தொடர்பு இருக்கலாம் என்று 1949இலேயே ஜே. பி. எஸ். ஹால்டேன் கூறியிருந்தார். இதே ஹால்டேன்தான் 1957இல் இந்தியாவுக்குக் குடிவந்து, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார்.

மூன்று வகைக் குழந்தைகள்

இயல்பான அல்லீலை A என்றும், அரிவாள் அணு அல்லீலை S என்றும் கொள்வோம். மெண்டல் பாடத்தில் நடத்திய அதே கட்டம்தான் இங்கும். தாய் தந்தை இருவரும் AS என்றால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தை AA ஆக இருக்க 25 விழுக்காடும், AS ஆக இருக்க 50 விழுக்காடும், SS ஆக இருக்க 25 விழுக்காடும் வாய்ப்பு உண்டு.

மலேரியா மிகுந்த ஊரில், மருத்துவ வசதி இல்லாத காலத்தில், இந்த மூவருக்கும் என்ன நேர்ந்திருக்கும்? SS குழந்தை இரத்தசோகையால் சிறுவயதிலேயே இறந்திருக்கும். AA குழந்தைக்கு இரத்தக் கோளாறு இல்லை. ஆனால் மலேரியா அதைக் கொண்டுபோகும் ஆபத்து அதிகம். AS குழந்தை பெரும்பாலும் நலமாக இருந்திருக்கும். கடுமையான மலேரியாவிலிருந்தும் தப்பியிருக்கும். வளர்ந்து பிள்ளை பெற்றவர்களில் AS வகையினரின் பங்கு கூடியது. அவர்கள் வழியாக S அல்லீலும் அடுத்த தலைமுறைக்குப் போனது.

மாணவியின் கேள்விக்கான விடை இதுதான்: கொசு இருக்கும் ஊரில் அது முழுக்கக் கெட்ட மரபணு அன்று. மரபணுவுக்குத் தனியாக நல்லது, கெட்டது என்ற முத்திரை கிடையாது. எந்தச் சூழலில், எந்த இணையோடு இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பலன் அமைகிறது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மலேரியா வந்ததால் இந்தத் திடீர் மாற்றம் தோன்றவில்லை. அது டி.என்.ஏ. நகலெடுப்பில் தற்செயலாக நேர்ந்த பிழை. மலேரியா செய்ததெல்லாம், ஏற்கெனவே தோன்றியிருந்த பிழையைப் பெருக விட்டதுதான்.

நம் மலைகளிலும்

இது ஆப்பிரிக்காவின் கதை மட்டுமன்று. 1952இல் லேமான், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடையே இந்த மரபணு இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டனர். நீலகிரி, வயநாடு மலைச்சரிவுக் காடுகள் ஒரு காலத்தில் மலேரியாக் காய்ச்சலுக்குப் பேர்போனவை என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. மத்திய இந்தியாவின் பழங்குடி மக்கள் பலரிடமும் இந்த மரபணு காணப்படுகிறது. 2047ஆம் ஆண்டுக்குள் இந்நோயை ஒழிக்கும் நோக்குடன் 2023 ஜூலையில் தேசிய இயக்கம் ஒன்று தொடங்கப்பட்டு, மக்களுக்கு இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டு வருகிறது.

வகுப்பறைச் செயல்பாடு: இரண்டு ஊர்கள்

தேவையானவை: ஒரே அளவுள்ள சிவப்பு, வெள்ளை மணிகள் (அல்லது ஒரே மாதிரி மடித்த இருநிறக் காகிதத் துண்டுகள்), இரண்டு துணிப்பைகள், நாணயம்.

வகுப்பை இரு குழுக்களாகப் பிரிக்கவும். ஒன்று "கொசு உள்ள ஊர்", மற்றொன்று "கொசு இல்லாத ஊர்". ஒவ்வொரு பையிலும் 90 சிவப்பு மணி, 10 வெள்ளை மணி. சிவப்பு A, வெள்ளை S.

1. பைக்குள் பார்க்காமல் இரண்டிரண்டாக மணிகளை எடுத்து 50 இணைகளாக வைக்க வேண்டும். ஓர் இணை ஒரு குழந்தை.

2. வெள்ளை-வெள்ளை இணை வந்தால் இரு ஊர்களிலும் அதை விலக்கிவிட வேண்டும்.

3. கொசு உள்ள ஊரில் மட்டும், ஒவ்வொரு சிவப்பு-சிவப்பு இணைக்கும் நாணயத்தைச் சுண்ட வேண்டும். பூ விழுந்தால் அந்த இணையை விலக்க வேண்டும். சிவப்பு-வெள்ளை இணைக்குச் சுண்ட வேண்டாம்.

4. எஞ்சிய மணிகளில் வெள்ளையின் விழுக்காட்டைக் கணக்கிட்டு, அதே விகிதத்தில் மீண்டும் 100 மணிகளைப் பையில் நிரப்ப வேண்டும். இது அடுத்த தலைமுறை.

எடுத்துக்காட்டாக, முதல் சுற்றில் 40 சிவப்பு-சிவப்பு, 10 சிவப்பு-வெள்ளை இணைகள் வந்தன என்று கொள்வோம். கொசு உள்ள ஊரில் 40இல் ஏறத்தாழ 20 இணைகள் எஞ்சும். மொத்தம் 30 இணைகள், அதாவது 60 மணிகள். அவற்றில் வெள்ளை 10. எனவே விழுக்காடு சுமார் 17. அடுத்த சுற்றைப் 83 சிவப்பு, 17 வெள்ளை மணிகளோடு தொடங்க வேண்டும்.

இப்படி நான்கு தலைமுறை செய்தால், கணக்குப்படி கொசு உள்ள ஊரில் வெள்ளை மணி 10இலிருந்து 29 வரை உயரும். கொசு இல்லாத ஊரில் 7க்கு இறங்கும். மாணவர்கள் பெறும் எண்கள் சற்று முன்பின்னாக இருக்கும், அதுவும் பாடமே. சிறிய கூட்டத்தில் தற்செயலுக்கும் பங்குண்டு என்று சொல்லலாம். நாணயத்தில் பாதிப் பேர் விலகுவது விளையாட்டுக்காக மிகைப்படுத்தியது என்பதையும் சொல்லிவிடுவது நல்லது.

பிறகு கேட்க வேண்டிய கேள்விகள்: எந்த மணியாவது நிறம் மாறியதா? மாறியது என்ன? கொசு உள்ள ஊரில் தலைமுறைகள் கூடக்கூட வெள்ளை மணி 100ஐ எட்டுமா? எட்டாது, மூன்றில் ஒரு பங்கை ஒட்டி நின்றுவிடும். ஏனெனில் வெள்ளை பெருகப் பெருக, வெள்ளை-வெள்ளை இணைகளும் பெருகி விலக்கப்படுகின்றன. கொசுவை ஒழித்துவிட்டால் என்ன ஆகும்? கொசு உள்ள ஊரின் பையை எடுத்து, இரண்டாம் ஊரின் விதிப்படி தொடர்ந்து ஆடிப் பார்க்கட்டும்.

வரைபடத்தாளில் இரு ஊர்களின் கோடுகளையும் வரையச் சொன்னால் கணக்குப் பாடமும் சேர்ந்துகொள்ளும்.

சொற்களில் கவனம்

"மாற்றிக்கொண்டன", "பழகிக்கொண்டன", "தேவைப்பட்டதால் வளர்ந்தது" என்ற சொற்களைத் தவிர்ப்போம். "வேறுபாடு ஏற்கெனவே இருந்தது", "அந்த வேறுபாடு உடையவை கூடுதலாகப் பிழைத்தன", "அந்த மரபணு அடுத்த தலைமுறையில் பெருகியது" என்று சொல்லிப் பழகுவோம். "தகுதியுள்ளவை பிழைக்கும்" என்று சொல்லும்போது, எந்த இடத்தில், எந்தக் காலத்தில் தகுதி என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

மாணவர்களிடம் கவனம்

நம் வகுப்பிலேயே இந்த மரபணு உள்ள குழந்தை இருக்கலாம். யாருக்கு இருக்கிறது என்று வகுப்பில் கேட்க வேண்டாம். எந்தச் சமூகத்தையும் இந்நோயோடு இணைத்துப் பேச வேண்டாம். வெள்ளை-வெள்ளை இணையை விலக்கும் முன், "இது மருந்து இல்லாத பழைய காலத்தைக் காட்டும் விளையாட்டு, இன்று மருந்து உண்டு, இவர்கள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள்" என்று சொல்லிவிட வேண்டும்.

நோயுள்ள குழந்தை அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். அதற்கும் கழிப்பறை செல்லவும் தடையின்றி அனுமதிப்போம். கடும் வெயிலிலும் குளிரிலும் ஓடச் சொல்ல வேண்டாம். கை கால் வலி என்றால் சாக்குப்போக்கு என்று எண்ண வேண்டாம். காய்ச்சல் வந்தால் உடனே பெற்றோருக்குச் சொல்லி மருத்துவமனைக்கு அனுப்புவோம்.

மறுநாள் வகுப்பில், "நேற்று எனக்கு விடை தெரியவில்லை, படித்துவிட்டு வந்திருக்கிறேன்" என்று சொல்லித்தான் தொடங்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த மாணவி கேட்டாள்: "அப்போ கரும்பலகையில எழுதினதை மாத்தணும்ல சார்?" அவளிடமே சுண்ணக்கட்டியைக் கொடுத்தேன். "பொருந்தாத பண்புகள்" என்பதற்கு முன்னால், "அந்தந்தச் சூழலுக்கு" என்று சேர்த்து எழுதினாள்.