நாற்சந்தியிற் செய்மதி

இலக்கணத்திலே சந்தி என்பது சொற்கள் இரண்டு ஒன்றோடொன்று கூடுமிடம். நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் தலைப்படும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரங்கள் நிகழுமென ஆண்டுதோறும் மாணாக்கர்க்குக் கற்பித்து வருகின்றோம். தனியே நின்றபோது இடரில்லாத சொல்லுக்கு இடர் வருவது சந்தியிலேதான். வீதியில் நடப்பார்க்கும் அஃதே நிலை. வீதிகள் கூடுமிடத்தையும் எமது நாட்டார் சந்தி என்றே வழங்குவர். கண்ணுடையார்க்கு அது கணப்பொழுதுப் பார்வையோடு முடிந்துவிடும். விழிப்புலனற்றார்க்கோ பயணத்தின் இடர் முழுவதும் அங்கேதான் திரண்டு நிற்கும். செய்மதி வழிகாட்டி அவ்விடத்தில் அவர்க்கு எம்மட்டிற்குத் துணையாகும், எங்கே கைவிடும் என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இப்பொருளில் எம்மை ஈடுபடுத்தியது எமது பிழையொன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மாலை, வெண்பிரம்பு ஏந்திய பெரியவர் ஒருவர் நாற்சந்தியின் ஓரத்தில் அசையாது நிற்கக் கண்டோம். விரைந்து சென்று அவர் கையைப் பற்றி, வீதியின் மறுபுறத்திற் கொண்டுபோய் நிறுத்தினோம். நன்றி கூறுவார் என எதிர்பார்த்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை. அவரோ, “தம்பி, நான் கடக்கவெண்டு நிக்கேல்லை, சந்தியைக் கேட்டுக்கொண்டு நிண்டனான்” என்றார். எந்த வீதியின் கரையில், எத்திசை நோக்கி நிற்கின்றோம் என அவர் அரிதின் வகுத்திருந்த கணக்கு எமது உபகாரத்தாற் குலைந்துபோயிற்று.

சந்தியைக் கேட்டல் என்பது உண்மையில் ஒரு கலை. பிரம்பின் நுனி கரைக்கல்லைத் தொட்டு வீதியின் விளிம்பை உணர்த்தும். தாம் செல்லும் திசைக்கு இணையாக ஓடும் வாகனங்களின் ஓசையைக் கொண்டு பயணி தமக்கு ஒரு நேர்கோட்டை வகுத்துக்கொள்வார். குறுக்கே ஓடியவை நின்று, இணையாக நின்றவை புறப்படும் ஓசை எழுந்ததும் அடியெடுத்து வைப்பார். சுற்றுவட்டத்தில் இம்முறை பெரிதும் பயன்படாது. அங்கே ஓட்டம் ஓய்வதில்லை, ஓசையும் வளைந்து செல்லும். மின்சார வண்டிகளோ மெல்ல ஊர்ந்து வருங்கால் ஓசையின்றியே வந்துவிடும். அதுபற்றியே, புதுவகை மின்வண்டிகள் குறைந்த வேகத்தில் ஓடும்போது செயற்கை ஒலி எழுப்ப வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2019 யூலை முதல் விதித்தது.

செய்மதியை இப்பயணத்திற்குத் துணைகொள்ள முயன்றவர்களுள் றெஜினால்ட் கொலெஜ் என்பாரின் வரலாறு சிந்திக்கத்தக்கது. அவுஸ்திரேலியாவிற் பிறந்து, கலிபோனியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்திற் புவியியல் கற்பித்தவர் அவர். மாந்தர் தம் மனத்தில் ஊரை எவ்வாறு அமைத்து வழி காண்கின்றனர் என்பதே அவர் ஆய்ந்த பொருள். 1984ஆம் ஆண்டில் அவர் பார்வை இழந்தார். வழி காண்டலை ஆராய்ந்தவர்க்கு வழியே வினாவாயிற்று. உளவியலாளர்களான ஜக் லூமிஸ், றொபேட்டா கிளற்ஸ்கி ஆகியோருடன் கூடி அவர் உழைத்ததன் பயனாக, முதுகுப் பையிற் சுமக்கும் கணினியும், செய்மதி வாங்கியும், காதொலிக் கருவியும் கொண்ட வழிகாட்டி உருவாயிற்று. அதன் சிறப்பு யாதெனின், ஓரிடத்தின் பெயரை உரைக்குங் குரல் அவ்விடம் இருக்குந் திசையிலிருந்தே வருவதுபோற் காதிற்படும் என்பது. கொலெஜ் 2009இற் காலமானார். அவர் முதுகிற் சுமந்தது இன்று சட்டைப் பையில் அடங்கும் கைத்தொலைபேசியாகிவிட்டது.

இனிக் கருவியின் இயல்பை நோக்குவோம். வழிகாட்டிச் செய்மதிகள் நிலத்திற்கு ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் நேரத்தை வானொலி அலையாக அறிவித்தவண்ணம் இருக்கும். நான்கு செய்மதிகளின் அலைகள் வந்துசேர எடுத்த காலங்களைக் கொண்டு வாங்கி தன் இருப்பிடத்தைக் கணிக்கும். ஒரு விநாடியின் பத்து இலட்சத்திலொரு பங்கு பிழைப்பினும் தூரம் 300 மீற்றர் பிழைத்துவிடும். 2000 மே மாதம் வரை ஐக்கிய அமெரிக்கா பொதுமக்களுக்குரிய அலையை வேண்டுமென்றே பிழைபடச் செய்து வந்தது. அதனால் இருப்பிடம் 100 மீற்றர் வரை பிறழக்கூடியதாயிருந்தது. இன்று திறந்த வானத்தின் கீழ்க் கைத்தொலைபேசியின் பிறழ்வு ஏறத்தாழ 5 மீற்றரே. உயர்ந்த கட்டடங்களிடையே அலைகள் சுவரிற் பட்டுத் தெறித்து வருதலால் அது இன்னும் மிகும்.

ஐந்து மீற்றர் என்பது சிறிதெனத் தோன்றும். வாகனம் ஓட்டுவார்க்குச் சிறிதுதான். ஆனால் இருவழி வீதியொன்றின் அகலம் ஏறத்தாழ 7 மீற்றர் எனக் கொள்வோமாயின், அப்பிறழ்வு இக்கரையோ நடுவீதியோ என்னும் வேறுபாட்டையே விழுங்கிவிடும். யாம் ஒரு கடையின் முன்றிலில் நின்று எமது தொலைபேசியைப் பார்த்தபோது, அது எம்மை எதிர்க்கடையின் வாயிலில் நிறுத்தியிருந்தது!

பிறிதொரு குறை அத்துணை வெளிப்படையானதன்று. செய்மதி வாங்கி திசையை அறிவது பயணி நடந்து இடம் பெயர்வதனால். சந்தியிலோ பயணி நிற்கின்றார். நின்றவர் எப்பக்கம் நோக்குகின்றார் என்பதைச் செய்மதி சொல்லமாட்டாது. தொலைபேசியிலுள்ள காந்தத் திசையறிகருவிதான் சொல்லவேண்டும். அருகே இரும்புத் தூணோ வாகனமோ இருப்பின் அதுவும் மயங்கும். திசை மிகத் தேவைப்படும் இடத்திலேயே அது நம்பத்தகாததாகின்றது. மேலும், வரைபடத்திற் சந்தி என்பது கோடுகள் கூடும் ஒரு புள்ளி. நடப்பவர் காலடியிலோ அது கரைக்கல், வடிகால், கடவை எனப் பல உறுப்புடையது.

ஆயின் பயனில்லையோவெனின், உண்டு, பெரிதும் உண்டு. 2018இல் மைக்ரோசொப்ற் நிறுவனம் வெளியிட்ட சவுண்ட்ஸ்கேப் என்னும் செயலி, சந்தியை அணுகும்போது இடவீதியின் பெயரை இடப்புறமிருந்தும் வலவீதியின் பெயரை வலப்புறமிருந்தும் ஒலித்தது. அந்நிறுவனம் 2023இல் அதனைக் கைவிட்டு, நிரலைப் பொதுவில் வெளியிட்டது. பிறர் அதனைத் தொடர்ந்து பேணி வருகின்றனர். “இது எந்தச் சந்தி?” என்று எவரையும் வினவாமல் அறியும் உரிமை சிறிதன்று. வினவுதற்கு ஆளில்லாத உச்சிப்பொழுதில் அதன் அருமை விளங்கும். “இப்போது கடக்கலாமா?” என்பதற்கே செய்மதி விடை கூறாது.

அவ்விடை நிலத்திலிருந்துதான் வரவேண்டும். யப்பானியரான செயிச்சி மியாக்கே அமைத்த புடைப்புள்ளிக் கற்கள், 1967 மார்ச் 18ஆந் திகதி ஒக்காயாமா நகரில், பார்வையற்றோர் பாடசாலைக்கு அண்மையிலுள்ள வீதியிற் பதிக்கப்பட்டன. அவை காலுக்கு உரைக்கும் செய்தியில் ஒரு சாணும் பிறழ்வதில்லை. பிரித்தானியாவில் பல கடவைகளில், அழுத்து பொத்தான் பெட்டியின் அடியில் ஒரு சிறு கூம்பு உண்டு. கடப்பதற்குரிய பச்சை விளக்கு எரியும்போது அது சுழலும். அதனைத் தெரியாத கண்ணுடையார் பலர்; விரலால் தொட்டவர் அறிவர்.

செய்மதி காட்டும் புள்ளிக்குப் பெயர் கூறுவது வரைபடமே. சவுண்ட்ஸ்கேப் பயன்படுத்தியது, 2004இல் இங்கிலாந்திற் தொடங்கிய ஓப்பன்ஸ்றீற்மப் என்னும் பொது வரைபடத்தை. அதில் எவரும் வீதியையும், கடவையையும், கரைக்கல்லின் தன்மையையும் குறிக்கலாம். பெரியவரோடு எமக்கு நேர்ந்த அந்தச் சந்தியை அண்மையில் அதிலே தேடினோம். மூன்று வீதிகளே இருந்தன. கிழக்கே பிரியும் ஒழுங்கை இல்லை. கண்ணுக்கு நாற்சந்தி, கருவிக்கு முச்சந்தி. மேல்வகுப்பு மாணாக்கர் இருவர் அவ்வொழுங்கையை நடந்து பார்த்து, அதன் பெயரோடு சேர்த்துவிட்டனர். கடவையும் கரைக்கல்லும் இன்னும் சேர்க்கப்படவில்லை.