தக்காளித் தட்டுப்பாடும் கடைப் பலகை விலையும்

தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிவிட்டால் கிராமங்களில் உடனே எழும் கேள்வி, "இப்போது நாற்று விட்டால் என்ன?" என்பதுதான். இதற்கு விடை காணுமுன், நகரத்துப் பெரிய கடைகளில் விலைப் பலகை எப்படி எழுதப்படுகிறது என்பதை விவசாயிகள் அறிந்துகொள்வது அவசியம். அந்தப் பலகை வயலின் நிலைமையையும் மண்டி வரத்தையும் அப்படியே காட்டுவது இல்லை.

2023 ஆம் ஆண்டின் அனுபவத்தை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு கோடையின் தொடக்கத்தில் விலை மிகவும் சரிந்து கிடந்ததால், பல மாநிலங்களில் விவசாயிகள் பயிரைப் பராமரிக்காமல் விட்டுவிட்டனர். அடுத்து வந்த கடும் வெயில், நச்சுயிரி நோய்கள், பருவமழைச் சேதம் ஆகியவை சேர்ந்து வரத்தைக் குறைத்தன. ஜூலையில் விலை 100 ரூபாயைத் தாண்டியது. ஜூலை 4 முதல் சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்கப்பட்டது. மாத இறுதியில் சென்னைச் சில்லறை விலை 200 ரூபாயை எட்டியது. ஆகஸ்டில் நேபாளத்திலிருந்துகூட வட மாநிலங்களுக்குத் தக்காளி வரவழைக்கப்பட்டது.

வரத்து கொஞ்சம் குறைந்தால் விலை ஏன் இவ்வளவு தாவுகிறது? சாம்பார், ரசம், சட்னி என்று அன்றாடச் சமையலில் தக்காளி ஊறிவிட்டது. விலை ஏறினாலும் மக்கள் அதை அடியோடு விட்டுவிடுவது இல்லை. சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் கிரிகரி கிங் என்பவர் பெயரால் ஒரு கணக்கு வழங்கி வந்தது. கோதுமை விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும். பாதியாகக் குறைந்தால் விலை ஐந்து மடங்குக்கு மேல் போகும் என்பது அக்கணக்கு. நமது தக்காளிக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தா என்றாலும் போக்கு அதேதான். வரத்து சற்றே கூடும்போது விலை படுபாதாளத்துக்கு இறங்குவதற்கும் இதுவே காரணம்.

கடைக்காரரின் கணக்கு

தட்டுப்பாட்டுக் காலத்தில் சூப்பர் மார்க்கெட்டின் காய்கறிப் பகுதியைக் கவனித்துப் பாருங்கள். முன்பு "கிலோ 30" என்றிருந்த பலகையில் இப்போது "கால் கிலோ 30" என்று இருக்கும். விலை நான்கு மடங்கு ஆகியும் கண்ணில் படும் எண் மாறவில்லை. சில கடைகளில் அரைக் கிலோ வலைப் பைகளாகக் கட்டி வைத்திருப்பார்கள். நல்ல காய்களுடன் இரண்டாம் தரமும் அதில் சேர்ந்து போய்விடும்.

இதற்கு நேர்மாறான முறையும் உண்டு. வெளி மார்க்கெட்டில் 100 ரூபாய் விற்கும்போது, ஒரு கடை 85 ரூபாய் என்று விளம்பரம் செய்யும். வாங்கிய விலைக்கும் கீழே விற்பதாகக்கூட இருக்கலாம். தக்காளி கடையின் கோடியில் இருக்கும். அங்கே போகும் வழியில் எண்ணெய், சோப்பு, பிஸ்கட் எல்லாவற்றையும் கடந்தாக வேண்டும். தக்காளியில் விட்டதை அவற்றில் எடுத்துவிடுவார்கள். "ஒருவருக்கு ஒரு கிலோ மட்டும்" என்ற அறிவிப்பும் சேர்ந்துகொண்டால், அரைக் கிலோ வாங்க வந்தவரும் முழுதாக ஒரு கிலோ வாங்கிச் செல்வார். வியாபாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. கடை நடத்துவது அவர் தொழில். ஆனால் அந்த 85 ரூபாயைப் பார்த்து மண்டி விலையை ஊகிப்பது தவறு.

இன்னொன்று மிக முக்கியம். பலகை விலை ஏறும்போது ஒரே நாளில் ஏறும். மண்டியில் விலை இறங்கினாலோ பலகையில் இறங்கப் பல நாட்கள் பிடிக்கும். விலை ஏற்றத்துக்குப் பழகிவிட்ட வாடிக்கையாளர் கடை கடையாக விசாரிப்பதை நிறுத்தியிருப்பார். கடைக்காரருக்கும் அவசரம் இல்லை.

வாங்குவோரின் போக்கு

அன்றாடக் கூலி பெறுவோர் நூறு கிராம், கால் கிலோ என்று குறைத்துக்கொண்டு புளியை அதிகம் கரைக்கிறார்கள். மாதச் சம்பளக்காரர்கள் நாளை இன்னும் ஏறும் என்று அஞ்சி மூன்று கிலோ வாங்கிக் குளிர்பதனப் பெட்டியில் அடைக்கிறார்கள். இதனால் தட்டுப்பாடு மேலும் கூடுகிறது. பிறகு விலை இறங்கத் தொடங்கியதும் இதே வீடுகள் இன்னும் இறங்கட்டும் என்று வாங்காமல் இருக்கின்றன. விவசாயி பழுத்த காயுடன் மண்டியில் நிற்பது அப்போதுதான்.

விவசாயிக்கு என்ன கிடைக்கிறது?

2024 இல் வெளியான ரிசர்வ் வங்கி ஆய்வுக் கட்டுரை ஒன்று, நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் சுமார் 33 காசு விவசாயியைச் சேர்வதாகக் கணக்கிட்டது. வெங்காயத்துக்கு 36 காசு, உருளைக்கிழங்குக்கு 37 காசு. விதை, உரம், மருந்து, பறிப்புக் கூலி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

இப்போது நாட்களை எண்ணிப் பாருங்கள். 2023 ஜூலை முதல் தேதி பலகையைப் பார்த்து விதை விட்டவர், 25 நாட்களில் நாற்றைப் பிடுங்கி நட்டிருப்பார். நட்ட 60, 65 நாட்களில் முதல் பறிப்பு. அதாவது செப்டம்பர் இறுதி. அந்தச் செப்டம்பரில் மகாராஷ்டிரத்தில் தக்காளி கிலோ 3 முதல் 5 ரூபாய் வரை விழுந்து, பறிப்புக் கூலிக்கும் கட்டாமல் சாலையோரத்தில் கொட்டப்பட்டது. கடன் வாங்கி ஒரு ஏக்கர் வைத்தவருக்கு அது எத்தகைய அடி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மதுரை வட்டார விவசாயிகள் பார்க்க வேண்டியது வரத்தை. ஒட்டன்சத்திரம், மதனப்பள்ளி, கோலார் ஆகிய சந்தைகளின் விலையும் வரத்தும் இணையத்தில் தினமும் வெளியாகின்றன. தமிழக மண்டி விலைகளை உழவன் செயலியிலும் பார்க்கலாம். விலை உச்சியில் இருக்கும்போது நாற்றுப் பண்ணைகளில் நாற்றுக்கு அடிபிடி என்றால், மூன்று மாதம் கழித்து விலை சரியும் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. ஒரு ஏக்கரையும் ஒரே நாளில் நடாமல், மூன்று வார இடைவெளியில் மூன்று பகுதியாக நடுவது நல்லது. ஒரு பகுதியில் கத்தரியோ சின்ன வெங்காயமோ வைக்கலாம்.

தட்டுப்பாட்டின்போது பெரிய கடைகளின் கொள்முதல் ஆட்கள் தோட்டத்துக்கே வந்து நல்ல விலை பேசுவார்கள். வரத்து கூடிய பின் அதே காயை "தரம் போதாது" என்று கழிப்பார்கள். எனவே எந்த அளவுக் காய் ஏற்கப்படும், 100 கிலோவில் அதிகபட்சம் எத்தனை கிலோ கழிக்கலாம், பணம் எத்தனை நாளில் வரும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே காயை ஏற்றி அனுப்ப வேண்டும்.

சிறு விவசாயிகளுக்கு உழவர் சந்தை இருக்கிறது. மாநிலத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கப்பட்டது. அங்கே விலையை அன்றாடம் காலையில் மொத்த விலைக்குச் சற்று மேலாகவும் வெளிச் சில்லறை விலைக்குக் கீழாகவும் நிர்ணயிக்கிறார்கள். தட்டுப்பாட்டு நாட்களில் வெளியே கூடுதலாகக் கிடைக்குமே என்று தோன்றுவது இயல்பு. ஆயினும் விலை விழுந்த நாட்களில் இடைத்தரகு இன்றி விற்க அந்த இடமே கைகொடுக்கும். இதற்கு அடையாள அட்டை வேண்டும். நில ஆவணங்கள், புகைப்படத்துடன் அருகிலுள்ள உழவர் சந்தை நிர்வாக அலுவலரிடம் விண்ணப்பித்தால், பயிர் நிற்பதை நேரில் பார்வையிட்ட பின் அட்டை வழங்குவார்கள். அறுவடைக்கு ஒரு மாதம் முன்னதாகவே விண்ணப்பிப்பது நல்லது.