கணினிக் கார்ப் பந்தயமும் காலத் தாமதமும்

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

கார்ப் பந்தயம் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியது என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. கணினி அந்த வேலியை ஓரளவு தாழ்த்தியிருக்கிறது. காரின் எடை, சக்கரத்தின் பிடிப்பு, காற்றின் தடை ஆகியவற்றைக் கணக்கிட்டு, உண்மைக் காரைப் போலவே திரையில் ஓடச் செய்யும் மென்பொருள்கள் இன்று பல உள்ளன. 2008-இல் வந்த ஐரேசிங், 2014-இல் வந்த அசெட்டோ கோர்சா ஆகியன அவற்றுள் புகழ்பெற்றவை. வெவ்வேறு ஊர்களில் இருப்போர் இணையத்தின் வழியே ஒரே தடத்தில் போட்டியிடுவர். புள்ளிப் பட்டியல், நடுவர் குழு, விதிமுறை என ஒழுங்காக நடைபெறும் இத்தொடர்களை ‘லீக்’ என்பர்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பழைய கணினி, கைமாறி வந்த ஸ்டீரிங், கைப்பேசி இணையம் ஆகியவற்றைக் கொண்டு ஓராண்டாக இத்தகைய லீக் ஒன்றில் ஓட்டி வருகிறேன். அதில் என்னை மிகவும் சோதித்தது வளைவு அன்று, இணைப்பே. அதற்கான விளக்கம் நம் பாடநூலிலேயே இருக்கிறது.

முதலில் தாமதத்தைக் காண்போம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. செல்லும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,900 கி.மீ. எனவே அங்குள்ள சர்வருக்குச் செய்தி போய்வர 29 மில்லி நொடியேனும் ஆகும். வழியில் உள்ள கருவிகளும் சுற்றுப்பாதையும் அதனை மேலும் கூட்டும். மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் ஓடும் கார் நொடிக்கு 50 மீட்டர் செல்கிறது. 100 மில்லி நொடித் தாமதத்தில் அது 5 மீட்டர் கடந்துவிடும்!

அப்படியாயின் பிறர் கார் நம் திரையில் எவ்வாறு சீராக ஓடுகிறது? கடைசியாகக் கிடைத்த இடத்தையும் வேகத்தையும் வைத்து, அது இப்போது எங்கே இருக்கும் எனக் கணினி ஊகிக்கிறது. வேகம் மாறாதவரை ஊகம் பலிக்கும். பிரேக் போட்டால்தான் சிக்கல். வேகம் நொடிக்கு நொடி 10 மீட்டர் வீதம் குறைகிறது எனக் கொள்வோம். பிழை, ½at² என்னும் நாம் அறிந்த வாய்பாடே. செய்தி 0.2 நொடி தடைப்பட்டால் பிழை 20 செ.மீ.; 0.4 நொடியானால் 80 செ.மீ.; ஒரு நொடியானால் 5 மீட்டர். தாமதம் இருமடங்கானால் பிழை நான்கு மடங்காகிறது.

சென்ற பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் இதை நேரில் அறிந்தேன். வளைவுக்கு முன் என் இணைப்பு ஒரு நொடி நின்றது. என் திரையில் நான் யாரையும் தொடவில்லை. முன்னே சென்றவர் திரையிலோ, பிரேக் போடாத என் கார் அவரை இடித்துத் தள்ளியது. இணைப்புக்கு ஓட்டுநரே பொறுப்பு என்பது எங்கள் லீக் விதி, புள்ளிகள் கழிக்கப்பட்டன. எனக்கு வருத்தமே; ஆயினும் அவர் இழந்தது என்னினும் அதிகம்.

இது எளியோருக்கு மட்டும் நேர்வதன்று. 2023 சனவரியில் நடந்த 24 மணி நேர மெய்நிகர் லெ மான்ஸ் பந்தயத்தில், முன்னணியில் இருந்த உலகச் சாம்பியன் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் இணைப்பு அறுந்து பின்தங்கி, பிறகு விலகினார். சர்வர் கோளாறால் அப்பந்தயமே இருமுறை நிறுத்தப்பட்டது.

இனி, செய்யத்தக்கவை யாவை? சராசரித் தாமதத்தை மட்டும் பார்த்தல் போதாது. ஏற்ற இறக்கத்தையும் பார்க்க வேண்டும். சீரான 80 மில்லி நொடி, 40-க்கும் 300-க்கும் இடையே துள்ளுவதைவிட மேலானது. வைஃபையைவிடக் கம்பி இணைப்பு நன்று. கைப்பேசியைச் சன்னலோரம் வைத்து, யூஎஸ்பி கம்பியால் கணினியுடன் இணைத்தல் எனக்குப் பயன்பட்டது. பந்தய நேரத்தில் அதே இணைப்பில் பிறர் படம் பார்த்தால் நம் செய்திகள் வரிசையில் காத்துக் கிடக்கும். பந்தயத்துக்கு முன் பத்து நிமிடம் ‘பிங்’ சோதனை செய்து, நிலை மோசமெனில் நடுவரிடம் கூறி விலகி நிற்பதே முறை.

லாரி ஓட்டும் என் தந்தை, “முன்னால போறவன் எப்போ பிரேக் போடுவான்னு தெரியாது, இடம் விட்டு ஓட்டு” என்பார். இணைப்பு தள்ளாடும் நாளில் நான் கூடுதலாக ஒரு கார் நீள இடைவெளி விடுகிறேன். அதனால் ஓரிரு இடங்கள் பின்தங்குவதும் உண்டு. ஆனால் என் வீட்டு இணைப்பின் குறை இன்னொருவர் உழைப்பைக் கெடுக்கவில்லை என்ற நிறைவு எஞ்சுகிறது.