ஒரு பக்க இயர்போனைக் கழட்டிட்டுக் கேளுங்க

டோனா சம்மர் பாடிய 'ஐ ஃபீல் லவ்' கேட்டிருக்கீங்களா? 1977-ல ஜெர்மனியோட மியூனிக் நகரத்துல ஜியார்ஜியோ மோரோடர், பீட் பெலோட் தயாரிச்ச பாட்டு. குரலும் கிக் டிரம்மும் தவிர கிட்டத்தட்ட எல்லாமே மோக் மாடுலர் சிந்தசைசர்தான்.

அதுல வர்ற 'டுகுடுகு' பேஸ் மாதிரி ஒண்ணு கல்ச்சுரல்ஸ் டான்ஸுக்குப் போட்டுத் தர்றேன்னு டீம்கிட்ட வாக்கு கொடுத்துட்டேன். ரெண்டு வாரம் சாப்ட்வேர் சிந்தசைசர்ல எல்லாக் குமிழையும் திருகினேன். நோட்ஸ் சரி, வேகம் சரி. ஆனா அந்தத் துடிப்பு மட்டும் வரல.

ஒருநாள் ரூம்மேட் என் இயர்போன்ல வலது பக்கத்தைப் பிடுங்கிக் காதுல வச்சுக்கிட்டான். எனக்கு மிச்சம் இடது பக்கம். "மச்சி, பேஸ் ரொம்ப மெதுவா இருக்கே"ன்னேன். "எனக்கும் மெதுவாத்தான் இருக்கு, ஆனா பீட்டுக்கு நடுவுல விழுது"ன்னான். விஷயம் அங்கதான் இருந்தது!

சிந்தசைசர் வாசிச்ச பேஸ் இடது பக்கம். அதே பேஸ் கொஞ்சம் தாமதமா வலது பக்கம். சிக்னல்ஸ் பேப்பர்ல படிச்ச அதே டைம் ஷிப்ட்! கணக்குக்கு நிமிடத்துக்கு 120 பீட்னு வச்சுக்குங்க. ஒரு பீட் 500 மில்லிசெகண்ட். பீட்டுக்கு ரெண்டு நோட்டுன்னா இடைவெளி 250. டிலே 125 வச்சா ஒவ்வொரு இடைவெளிக்கும் நடுவுல ஒரு நகல் உட்காரும். ரெண்டு காதும் சேர்ந்தா இரட்டை வேகம். நான் தேடின துடிப்பு சிந்தசைசர்லயே இல்ல, மிக்ஸிங்ல இருந்தது.

அதனால ஒரு பழைய சவுண்டைக் கண்டுபிடிக்க இந்த வரிசையில போங்க:

1. முதல்ல இடது, வலதைத் தனித்தனியா கேளுங்க. ஆடாசிட்டியில ஸ்டீரியோ ட்ராக்கைப் பிரிச்சாப் போதும்.

2. எக்கோ, டிலேயை மனசுல கழிச்சிட்டு ஒரே ஒரு நோட்டைக் கவனிங்க. டக்னு ஆரம்பிச்சு சட்டுனு அடங்குதா? அது என்வலப்.

3. ஸ்பெக்ட்ரம் பாருங்க. எல்லா ஹார்மோனிக்ஸும் இருந்தா சா-டூத் அலையா இருக்கலாம். ஒற்றைப்படை மட்டும்னா ஸ்கொயர்.

4. சத்தம் மங்கி மங்கித் திறக்குதா? அது லோ-பாஸ் ஃபில்டர். மோக் ஃபில்டர் ஆக்டேவுக்கு 24 டெசிபல் வெட்டும்.

5. கடைசியா, மெஷினால முடியாததை யார் செஞ்சாங்கன்னு கேளுங்க. அந்த மோக் சீக்கிரம் சுருதி விலகும். அதனால துண்டு துண்டா ரெக்கார்ட் பண்ணாங்க. துண்டுகள் ஒரே தாளத்துல நிக்க, இன்ஜினியர் ராபி வெடல் டேப்புல ஒரு ட்ராக்கை சிங்க் சிக்னலுக்கே ஒதுக்கினார். மோக்ல நல்ல கிக் டிரம் வராததால கீத் ஃபோர்சி காலால மிதிச்சு வாசிச்சார்.

வலது பக்கம் ஒரு டிலே போட்டேன். அஞ்சு நிமிஷ வேலை. டீம் ஆடிட்டாங்க.

அடுத்த தடவை ஒரு சவுண்ட் வரலைன்னா, புது பிளக்-இன் தேடாதீங்க. முதல்ல ஒரு காதை மூடிட்டுக் கேளுங்க.