முள் எடுத்த மீனும் நொண்டும் குட்டியும்

கேள்வி: எங்கள் பூனைக்குட்டிக்கு நான்கு மாதம். கல்முனைச் சந்தையில் வாங்கும் சூரை மீனை அவித்து, முள் எடுத்து, சதையை மட்டும் சோற்றில் பிசைந்து கொடுக்கிறோம். இரண்டு கிழமையாகப் பின்னங்காலை இழுத்து நடக்கிறது. தூக்கினால் கத்துகிறது. கதிரையில் பாய்வதில்லை. எங்கும் விழவும் இல்லை. கல்சியம் ஊசி போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அண்ணா. காலை வெயிலில் விடச் சொல்கிறார் மாமி. மிச்சச் சோறு தின்னும் எங்கள் நாய் நன்றாகத்தானே இருக்கிறது?
- வாசகி, வீரமுனை

பதில்: குட்டியை நேரில் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. ஆனால் காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்: ‘சதையை மட்டும்’. பாசத்தில் முள்ளை எடுத்தீர்கள், கல்சியமும் அதோடு போய்விட்டது.

மீனோ இறைச்சியோ, சதையில் கல்சியத்தைப் போலப் பதினைந்து, இருபது மடங்கு பொஸ்பரஸ் உண்டு. வளரும் குட்டிக்கோ இரண்டும் ஏறக்குறையச் சமமாக வேண்டும், கல்சியம் சற்றுக் கூடினால் நல்லது. எலி பிடித்துத் தின்னும் பூனைக்கு இந்தக் கணக்கு எலும்போடு சேர்ந்தே கிடைத்துவிடும். உணவில் கல்சியம் குறைந்தால் கழுத்திலுள்ள பராதைரொயிட் சுரப்பிகள் எலும்பைக் கரைத்து இரத்தத்துக்குக் கொடுக்கும். அதனால் இரத்தப் பரிசோதனையில் கல்சியம் சரியாகவே காட்டலாம். எக்ஸ்ரேயில்தான் எலும்பு மெலிந்திருப்பது தெரியும். இந்த நிலையில் கதிரையிலிருந்து குதித்தாலே கால் முறியும். இடுப்பெலும்பு வளைந்து ஒடுங்கிவிட்டால் ஆயுள் முழுக்க மலச்சிக்கல். பெண் குட்டியானால் பிரசவமும் சிக்கல்.

ஊசி இதற்கு மருந்தல்ல. கல்சியத்தை வேகமாக ஏற்றினால் இதயத் துடிப்பே தடுமாறும். வலிப்பு வந்த குட்டிக்கு வைத்தியர் பார்த்துக் கொடுப்பது வேறு விஷயம். மாமியின் வெயிலும் உதவாது. பூனையும் நாயும் நம்மைப் போல வெயிலிலிருந்து போதிய விற்றமின் டி செய்துகொள்வதில்லை, உணவில்தான் பெற வேண்டும். வலிக்கிறதே என்று பனடோல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

செய்ய வேண்டியது இது. சில கிழமைகளுக்குக் குட்டி ஏறவோ குதிக்கவோ முடியாதபடி ஒரு பெரிய பெட்டியில் அடைத்து வையுங்கள். பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் முழு உணவுக்கு மாற்றுங்கள், கல்சியமும் பொஸ்பரஸும் அதில் அளவோடு இருக்கும். விலை கட்டாது என்றால், முட்டை ஓட்டை நன்றாக அவித்துக் காயவைத்து மாவாக இடித்துச் சேர்க்கலாம். ஒரு தேக்கரண்டித் தூளில் ஏறத்தாழ 2,000 மில்லிகிராம் கல்சியம் உண்டு. கூடினாலும் கெடுதல்தான், ஆகவே குட்டியின் எடையைச் சொல்லி அளவைக் கால்நடை வைத்தியரிடமே கேளுங்கள். முறிவும் வளைவும் வருவதற்கு முன் உணவு திருந்தினால் பெரும்பாலான குட்டிகள் தேறிவிடுகின்றன.

உங்கள் நாய் தப்பியது அதிர்ஷ்டம் மட்டுமல்ல. அது வளர்ந்துவிட்டது, சோற்றை நன்றாகச் செரிக்கும், வீசிய மீன்தலையையும் முள்ளையும் அதுதான் தின்றிருக்கும். பூனைக்கு அவசியமான டோரின் என்ற சத்தை நாய்கள் பெரும்பாலும் தம் உடலிலேயே செய்துகொள்ளும். பூனையால் போதிய அளவு முடியாது. டோரின் குறைந்து இதயம் வீங்கிய பூனைகளுக்கு அதைக் கொடுத்தபோது இதயம் பழைய நிலைக்குத் திரும்பியதை அமெரிக்காவின் டேவிஸ் நகரக் கால்நடை ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்டார்கள். மீனை அவிக்கும்போது டோரின் தண்ணீரில் இறங்கிவிடும், அந்தத் தண்ணீரையும் சோற்றிலேயே ஊற்றுங்கள். உப்பும் வெங்காயமும் சேரக்கூடாது. வெங்காயம் போட்ட சொதியும் குழம்பும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

சூரையையே தினமும் கொடுப்பதும் வேண்டாம். விற்றமின் ஈ குறைந்து உடற்கொழுப்பு அழற்சியாகி, தொட்டாலே வலிக்கும் நோய் வரும். பச்சை மீன் பழக்கமும் வேண்டாம். சில மீன்களில் தயமின் என்ற விற்றமினை அழிக்கும் பொருள் இருக்கிறது, அவித்தால் அது போய்விடும்.

உலக சிறு விலங்கு கால்நடை வைத்தியர் சங்கம் 2011இல் உடல் வெப்பம், நாடி, சுவாசம், வலி ஆகியவற்றுக்கு அடுத்து ஐந்தாவதாக உணவையும் ஒவ்வொரு முறையும் மதிப்பிடச் சொன்னது. நம் பக்கத்தில் இன்னும் ‘என்ன ஊசி?’ என்ற கேள்விதான் முதலில் வருகிறது. வைத்தியரிடம் போகும்போது குட்டி தின்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். இடையில் கொடுக்கும் பாலும் பிஸ்கட்டும் உட்பட.

கேள்வி: எங்கள் கொழுத்த பூனை மூன்று நாளாக ஒன்றும் தின்னவில்லை. பசித்தால் தானாகத் தின்னும் என்று விட்டுவிடலாமா?
- வாசகர், சம்மாந்துறை

பதில்: கூடாது. கொழுத்த பூனை பட்டினி கிடந்தால் உடற்கொழுப்பு கல்லீரலில் போய் நிறைந்து மஞ்சள் காமாலை கண்டு செத்துப்போகும். நாயைப் போல இது பட்டினி தாங்காது. மூன்று நாள் ஏற்கனவே அதிகம். இந்த இதழை மூடிவிட்டு இன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.