தண்ணிக்குள்ள படம் எடுக்க முதல் கேமரா: வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?



களமருதூர், கள்ளக்குறிச்சி பக்கத்துல இருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனவங்க லீவுக்கு ஊருக்கு வந்தா, கல்வராயன் மலையில மேகம் அருவி, பெரியார் அருவின்னு ஒரு ரவுண்டு போறது வழக்கம். கையில கொஞ்சம் காசு சேர்ந்தா பாண்டிச்சேரியில ஸ்கூபா, அப்புறம் அந்தமான். அந்தப் பிளான் போடும்போதே போன்ல விளம்பரம் வந்துடும்: "தண்ணிக்குள்ள படம் எடுக்கும் கேமரா, மாசம் 3,000 ரூபாய் மட்டும்!"

வாங்கலாமா? விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ரெண்டு எண்ணை எழுதிக்கோங்க. எவ்வளவு ஆழம் போகப் போறீங்க? வருஷத்துல எத்தனை நாள் தண்ணிக்குள்ள இருப்பீங்க? இந்த ரெண்டும் தெரிஞ்சா முடிவு தானா வரும்.

முதல் எண்: ஆழம்

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுது. அதாவது, 10 மீட்டர் ஆழத்துல கேமரா மேல இருக்கிற அழுத்தம் கரையில இருக்கிறதைப் போல ரெண்டு மடங்கு. அதனால "வாட்டர்புரூஃப்" என்ற வார்த்தை மட்டும் போதாது. எத்தனை மீட்டர் வரைக்கும்னு பார்க்கணும்.

பிஏடிஐ அமைப்போட விதிப்படி, பயிற்சி இல்லாதவங்க பயிற்றுநரோட போற முதல் ஸ்கூபா அதிகபட்சம் 12 மீட்டர். ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடிச்சா 18 மீட்டர். இப்போ கேமராக்களைப் பாருங்க. கோப்ரோ ஹீரோ 12 தனி கேஸ் இல்லாம 10 மீட்டர் தாங்கும். ஓஎம் சிஸ்டம் டிஜி-7 தாங்குறது 15 மீட்டர். டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 4, 18 மீட்டர். 10 மீட்டர் கேமராவோட 12 மீட்டர் இறங்கணும்னா டைவிங் கேஸ் தனியா வாங்கணும். அந்தச் செலவையும் விலையோட சேர்த்துதான் ஒப்பிடணும்.

"என் போன் ஐபி68, அது போதாதா?" அருவிக்கரையில நின்னு எடுக்கப் போதும். ஆனா அந்தச் சோதனை அசையாத நல்ல தண்ணியில நடக்கிறது. கடல் உப்புத் தண்ணி வேற கதை. சாம்சங்கோட பல ஐபி68 போன்களுக்குச் சொல்ற கணக்கு 1.5 மீட்டர், 30 நிமிஷம், அதுவும் நல்ல தண்ணியில. வேகமா அடிக்கிற தண்ணிக்கு வேற எண்கள் இருக்கு; 8-ன்னு போட்டிருந்தா அருவி அடியையும் தாங்கும்னு அர்த்தம் இல்ல. ஆப்பிள் நிறுவனமே தண்ணி புகுந்து கெட்டா வாரன்டியில வராதுன்னு சொல்லியிருக்கு. போதாக்குறைக்கு, தண்ணிக்குள்ள டச் ஸ்கிரீன் ஒழுங்கா வேலை செய்யாது.

ரெண்டாவது எண்: நாட்கள்

ஒரு உதாரணக் கணக்கு போடலாம். கேமரா 36,000 ரூபாய். கேஸ், கூடுதல் பேட்டரி, மிதக்கும் கைப்பிடி எல்லாம் சேர்த்து 4,000. மொத்தம் 40,000. நாலு வருஷம் கழிச்சு 12,000-க்கு விக்க முடியும்னு வைங்க. உங்க உண்மையான செலவு 28,000.

வாடகை ஒரு நாளைக்கு 1,000 ரூபாய்னா, 28 நாளுக்கு மேல தண்ணிக்குள்ள எடுத்தாதான் வாங்கினது லாபம். நாலு வருஷத்துல 28 நாள், அதாவது வருஷத்துக்கு 7 நாள். வருஷத்துக்கு ஒரு டூர், அதுல ரெண்டு நாள் கடல்னா மொத்தமே 8 நாள்தான். வாடகைக்கு 8,000 ரூபாயோட முடிஞ்சது. நீங்க போற ஊர் வாடகையைக் கேட்டு இதே கணக்கை உங்க எண்ணை வச்சுப் போடுங்க.

"பைக் ரைடு, கல்யாண வீடு எல்லாத்துக்கும் யூஸ் ஆகுமே"ன்னு மனசு சொல்லும். உங்க போன் ஏற்கெனவே செய்யுற வேலையை இந்தக் கணக்குல சேர்க்காதீங்க.

"நோ காஸ்ட்" இஎம்ஐ-யில காஸ்ட் எங்க?

வட்டியைத் தள்ளுபடியா முன்னாடியே கழிச்சிடுறாங்க. ஆனா வங்கி அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி போடும். வட்டி 2,000 ரூபாய்னா 360 ரூபாய் உங்க பாக்கெட்ல இருந்து. பிராசஸிங் ஃபீ, அதுக்கு ஒரு ஜிஎஸ்டி தனி. தொகை சின்னதுதான். பெரிய விஷயம் என்னன்னா, டூர் முடிஞ்சு படத்தையெல்லாம் ஸ்டேட்டஸ்ல போட்டு மறந்த பிறகும் மாசம் 3,000 போயிட்டே இருக்கும். மூணு மாசச் செலவுக்கான அவசரப் பணம் கையில இல்லாதவங்க இஎம்ஐ பக்கமே போக வேண்டாம். மாசம் 2,000 ஆர்டி போட்டா 18 மாசத்துல 36,000 அசல் மட்டுமே சேர்ந்திடும், வட்டி உங்களுக்கு.

வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?

1. எதை எடுக்கப் போறீங்க? நண்பர்கள் நீந்துற வீடியோன்னா ஆக்‌ஷன் கேமரா. சின்ன மீன், பவளம்னு கிட்டப் போய் போட்டோ எடுக்கணும்னா டிஜி-7 மாதிரி மேக்ரோ உள்ள கேமரா.

2. மெகாபிக்சலுக்கு மயங்காதீங்க. தண்ணி முதல்ல சிவப்பு நிறத்தை உறிஞ்சிடும்; சில மீட்டர் இறங்கினாலே எல்லாம் நீலமா, பச்சையாத் தெரியும். ஒயிட் பேலன்ஸ் மாத்துற வசதியும், சிவப்பு ஃபில்டர் கிடைக்குதான்னும் பாருங்க.

3. ஜூமை நம்பாதீங்க. தண்ணிக்குள்ள ஒரு மீட்டருக்குள்ள போய் எடுத்தாதான் தெளிவு. மழைக்குப் பிறகு கலங்கி ஓடுற மலை ஓடையில எவ்வளவு விலை கேமராவும் ஒண்ணும் செய்யாது.

4. பழைய கேமரா வாங்குறவங்க ரப்பர் வளையத்தைப் பாருங்க. ஒரு முடி, ஒரு மணல் துகள் மாட்டினாலும் தண்ணி புகும். கேஸுக்குள்ள கேமரா இல்லாம டிஷ்யூ பேப்பர் மட்டும் வச்சு வாளித் தண்ணியில அரை மணி நேரம் அமுக்கி வைங்க. பேப்பர் நனைஞ்சா வேண்டாம். நனையலைன்னாலும் ஆழத்துக்கு அது உத்தரவாதம் இல்ல. வாளியிலேயே ஒழுகுற கேஸைக் கழிக்கத்தான் இந்தச் சோதனை.

5. இந்திய வாரன்டியும் பில்லும் இல்லாத "இம்போர்ட்" பீஸ் மலிவாக் கிடைச்சாலும் ரிப்பேர் செலவு உங்க தலையில.

6. கடல்ல இருந்து வந்ததும் நல்ல தண்ணியில ஊற வைச்சு, துடைச்சுக் காய வைங்க. உப்பு காய்ஞ்சா பட்டன் இறுகிடும்.

முதல் ஸ்கூபாவுக்குப் போறவங்களுக்கு

கேமராவே வேண்டாம். மூச்சு விடுறதையும் காது அழுத்தத்தைச் சமன் பண்றதையும் பழகவே அந்த நேரம் சரியா இருக்கும். பல இடங்கள்ல கூட வர்ற பயிற்றுநரே படம் எடுத்துக் கொடுப்பார்; பேக்கேஜ்ல அது சேர்ந்திருக்கான்னு புக் பண்ணும்போதே கேளுங்க. சேர்ந்திருந்தா உங்க கேமரா செலவு பூஜ்யம்.

முதல் டூர்ல பயிற்றுநர் எடுத்த படம், ரெண்டாவது டூர்ல வாடகை கேமரா. அதுக்கு அப்புறமும் வருஷத்துக்கு ஏழு நாள் தண்ணிக்குள்ள இறங்குற ஆளா நீங்க இருந்தா, சேர்த்த காசை எடுத்து தாராளமா வாங்குங்க. அது ஆசைக்கு வாங்கினது இல்ல, கணக்கு போட்டு வாங்கினது!