பழைய ஃபைபர் படகைத் தேற்ற... பைசா மிச்சக் குறிப்புகள்!

விழுப்புரம் மாவட்டத்தில் கடல் இருக்கிறதா என்று இன்னும் கேட்கிறவர்கள் உண்டு. திண்டிவனத்தில் மரக்காணம் பஸ் ஏறிவிட்டால் பதில் கிடைத்துவிடும். எக்கியார்குப்பம், அனுமந்தைக்குப்பம், கூனிமேடு, பொம்மையார்பாளையம் என்று கரை நெடுக ஃபைபர் படகுகள்தான். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தை இவைதான் பிடித்துக்கொண்டன. அதில் வயதான ஒன்றைக் கைமாற்றி வாங்கியிருக்கிறீர்களா? வீட்டுப் படகையே இன்னும் சில வருஷம் ஓட்ட நினைக்கிறீர்களா? காசு முதலில் அடிப்பக்கத்துக்கு, மிஞ்சினால் பெயின்ட்டுக்கு. இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1. விலை பேசும் முன்னே ஒரு ரூபாய் நாணயத்தால் படகு முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டால் சரி. சத்தம் அமுங்கிக் கேட்கிற இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கும், இல்லை உள்ளே பலகை உளுத்திருக்கும். அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். விற்பவருக்கு வட்டங்களைக் காட்டினாலே விலை இறங்கும்.

2. மயிரிழை விரிசல் கண்ணில் படாது. அந்த இடத்தில் பேனா மையைத் தேய்த்து, உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். விரிசலுக்குள் இறங்கிய மை மட்டும் கோடாகத் தங்கி, இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

3. உட்காரும் பலகைக்கு அடியிலும் அணியத்திலும் ஃபோம் அடைத்த காற்றுப் பெட்டிகள் இருக்குமே, அவற்றை யாரும் பார்ப்பதே இல்லை. படகு கவிழ்ந்தால் ஆளைக் காப்பாற்றுவது அவைதான். பெட்டியின் அடிமூலையில் சிறு துளை போட்டுப் பாருங்கள். தண்ணீர் சொட்டினால் ஃபோம் ஊறிவிட்டது என்று அர்த்தம். ஊறிய ஃபோம் எத்தனை வெயிலில் வைத்தாலும் முழுசாகக் காயாது, கனத்தையும் ஏற்றி டீசலையும் தின்னும். தயவு பார்க்காமல் வெட்டி எறியுங்கள். புது ஃபோமுக்குக் காசு இல்லையென்றால், மூடியை இறுக்கித் திருகிய காலி தண்ணீர் பாட்டில்களை ஆடாமல் நெருக்கி அடுக்கி, பெட்டியை மூடி ஒட்டிவிடலாம். செலவே இல்லை, தண்ணீரும் குடிக்காது.

4. ஓட்டையைக் கண்டுபிடிக்கக் கடலில் இறக்க வேண்டாம். படகை மணலில் நன்றாக அணைகொடுத்து உட்காரவைத்து, உள்ளே கணுக்கால் அளவு மட்டும் தண்ணீர் விடுங்கள். வெளியே எங்கே மணல் ஈரமாகிறதோ அங்கேதான் வேலை.

5. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது கரையில் எல்லோரும் ரிப்பேரில்தான் இருப்பார்கள், ஃபைபர் வேலைக்கு ஆள் கிடைக்காது. மாசிப் பனி விலகியதும் பங்குனியிலேயே முடித்துவிடுங்கள். வெயிலும் அளவாக இருக்கும், கூலியும் பேசலாம்.

6. ஒட்டு போடும் இடத்தை நல்ல தண்ணீரால் ஒரு தரம் அல்ல, மூன்று தரம் கழுவிக் காயவிடுங்கள். ஈர விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரித்தால் இன்னொரு தரம் கழுவுங்கள். உப்பின் மேல் போட்ட ஒட்டு ஒரு சீசன்கூடத் தாங்காது.

7. முதலில் அசிட்டோன் துணியால் துடைப்பது, பிறகு தேய்ப்பது. பலர் மாற்றிச் செய்கிறார்கள். தேய்த்துவிட்டுத் துடைத்தால் பழைய மெழுகும் எண்ணெயும் கீறலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

8. விரிசலை மேலோடு மூடிவிடக் கூடாது. விரிசலின் இரு முனையிலும் சிறு துளை போட்டால் அது மேலே ஓடாமல் நிற்கும். பிறகு சுற்றிலும் சரிவாகத் தேய்த்து எடுங்கள். அந்த இடத்தின் கனத்தைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவு வேண்டும். 5 மில்லிமீட்டர் கனம் என்றால் ஒவ்வொரு பக்கமும் 6 சென்டிமீட்டர். அநியாயமாகத் தோன்றும், ஆனால் ஒட்டைப் பிடித்து வைப்பது இந்தச் சரிவுதான்.

9. ஒட்டுப் போடும் ஃபைபர் இழை விரிப்பான மேட்டைக் கடையில் எடைபோட்டு வாங்குங்கள். ஒரு கிலோ மேட்டுக்கு இரண்டு முதல் இரண்டரை கிலோ ரெசின் போதும். அதற்கு மேல் ஊற்றினால் காசும் வீண், ஒட்டும் நொறுங்கும்.

10. மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் பிசிறாக இருப்பதால் ரெசினில் அமிழ்ந்து மேடு தெரியாமல் படியும், பிறகு தேய்க்கிற வேலை பாதி மிச்சம்.

11. ஒரு கிலோ ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் 10 முதல் 20 மில்லி. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் 10 மில்லியே தாராளம். மருந்துக்கடை ஊசிக்குழலால் அளந்து விடுங்கள், கண்ணளவு வேண்டாம். காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடிப்பவருக்கு ரெசின் டப்பாவிலேயே இறுகிப் போகிற நஷ்டம் கிடையாது.

12. இதில் மட்டும் விளையாட்டு கூடாது. இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கி, அதன் பிறகே கேட்டலிஸ்ட். இரண்டு பாட்டிலையும் வீட்டின் வெவ்வேறு மூலையில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பக்கத்தில் பீடியும் வேண்டாம்.

13. கலக்குவதற்குக் கடையில் கப் வாங்காதீர்கள், பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டில் போதும். தெர்மாகோல் கப்பை மட்டும் எடுக்காதீர்கள், ரெசின் அதைக் கரைத்துவிடும். ஐஸ் பெட்டி செய்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். தெர்மாகோலின் மேல் நேராக ரெசின் பூசாமல், பாலித்தீன் தாளால் இறுக்கிச் சுற்றிவிட்டு அதன் மேல் மேட் போடுங்கள்.

14. சின்ன ஒட்டு காய்ந்த பிறகும் மேலே பிசுபிசுக்கிறதா? காற்றுப் படுவதுதான் காரணம். பால் கவரைக் கழுவிப் பிரித்து, ஈர ஒட்டின் மேல் நீவிப் படியவைத்துவிடுங்கள். மறுநாள் உரித்தால் கண்ணாடி வழவழப்பு.

15. ஃபைபர் தூள் அரிப்புக்குக் கையில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள். எண்ணெய்க் கை பட்ட இடத்தில் மேட் ஒட்டாது என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. முகப்பவுடரைப் பூசி முழுக்கைச் சட்டை போடுங்கள், முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். மூக்குக்குத் துண்டு போதாது, மாஸ்க் வேண்டும்.

16. தினமும் மணலில் இழுபட்டுத் தேய்வது படகின் அடியில் நெடுக ஓடும் ஏராதான். அங்கே மட்டும் இரண்டு மூன்று அடுக்கு மேட் கூடுதலாகப் போட்டுவிடுங்கள், தேய்ந்தால் அந்த அடுக்கை மட்டும் மாற்றலாம். இழுக்கும்போது அடியில் உருட்ட நம் பக்கத்துச் சவுக்குக் கழிகளே போதும், விலையும் சல்லிசு.

17. என்ஜின் உட்காரும் பலகையை மாற்றும்போது மரைன் ப்ளைவுட்டின் மேல்பக்கத்தைவிட ஓரங்களுக்கும் போல்ட் துளைகளுக்கும்தான் ரெசின் அதிகம் குடிக்கக் கொடுக்க வேண்டும். தண்ணீர் நுழைவது அந்த வழியாகத்தான். போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். 304 விலை குறைவு, உப்புக் காற்றில் சீக்கிரமே கறைபிடிக்கும்.

18. வலை இழுக்கும் பக்கத்தில் ஒரு போல்ட் தலைகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பழைய சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் பிளந்து விளிம்பில் ஒட்டிவிட்டால் வலையும் கிழியாது, கையும் கிழியாது. கிழிந்த வலையைச் சரிசெய்கிற வேலையும் மிச்சம்.

19. விளக்குக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் போகிற வயர் ஜாயின்ட்டில் டேப் சுற்றும் முன் கொஞ்சம் வாசலின் தடவுங்கள், பச்சைக் களிம்பு ஏறாது. பேட்டரிக்கு மூடி போட்ட பழைய பிளாஸ்டிக் டப்பா போதும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டிவிடுங்கள்.

20. மிதிக்கிற இடம் வழுக்குகிறதா? ஈர பெயின்ட்டின் மேல் கழுவிச் சலித்த ஆற்று மணலைத் தூவி, காய்ந்ததும் இன்னொரு கை பூசுங்கள். கடல் மணலில் உப்பு இருக்கும், அது ஆகாது.

21. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நம் மாவட்டத்து மயிலத்தில் மட்டும் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. புயல் எச்சரிக்கை வந்தால் படகை மேட்டுக்கு இழுத்து, என்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, அடியில் உள்ள தண்ணீர் அடைப்பானைத் திறந்துவிட்டு, இரண்டு மரத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். தேங்கிய மழைநீரின் பாரத்திலேயே பழைய படகு பிளந்துவிடும்.

22. பெயின்ட் கடைசி வேலை. நிறம் வாங்கும் முன் மீன்வளத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், பதிவு எண்ணையும் தெளிவாக எழுதவேண்டும். கைமாற்றி வாங்கிய படகைப் பேர் மாற்றாமல் ஓட்டாதீர்கள். பதிவு உங்கள் பெயரில் இல்லாவிட்டால், நாளைக்குப் படகு சேதமாகி நிவாரணப் பட்டியல் எடுக்கும்போது உங்கள் பெயர் அதில் இருக்காது.